ராத்தாவும் அறைவிட்டு அறை வந்த பூச்சாடிகளும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட அது கொஞ்சம் மரியாதை. என் அக்காவான ராத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அந்தக் கிழமை, அவரது வீட்டு முன்னறையில் இருந்த பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். மூலையில் நின்ற ஒரு செடியின் மேல் எனக்குத் தனி அன்பு. மற்றவை எல்லாம் சோர்ந்து கிடக்க, அது ஒன்றுதான் பச்சைப் பசேலென்று நின்றது. ராத்தாவின் ஒரே மகள் ரிஸ்னாவைக் கூப்பிட்டு, "பாரு மகள், மாமாட கைராசியை" என்று காட்டினேன். அழுது வீங்கிய முகத்தோடு அவள் செடியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"மாமா, அது பிளாஸ்டிக்."

அப்படிப்பட்டவனிடம்தான் இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் என் தமிழ் அல்ல. வருஷ நினைவுக் கத்த ஓதலுக்காக அச்சடிக்கும் யாசீன் கிதாப் என்ற சின்னப் புத்தகத்தின் பின்னால் சில பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. தபால் கந்தோரில் முத்திரை குத்திக் குத்தியே பென்ஷன் எடுத்த ஒருவன் குடும்பத்தில் சும்மா கிடந்தான். பொருத்தம் பார்த்துவிட்டார்கள்.

ராத்தா சாய்ந்தமருதில், கடலுக்குக் கிட்டிய உம்மாவின் வீட்டில் பிறந்தவர். வாப்பாவுக்குக் கரைவலைத் தொழில். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். கெட்டித்தனத்துக்கு ராத்தா, அதைச் சமப்படுத்த நான். வாப்பா படுக்கையில் விழுந்ததும் ராத்தா பள்ளிக்கூடத்தை விட்டார். அடுப்படியில் நின்று பலகாரம் சுட்டு வீட்டை ஓட்டினார். சுட்டதைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வழியில் எவ்வளவு குறைந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் வாயைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருகிறவன். நான் அட்டாளைச்சேனையில் போய்ச் சேர்ந்தேன். மச்சான் ராத்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மச்சான் மேசன். பேச்சு மிகக் குறைவு. கல்யாணத்தன்று "சாப்பாடு எப்படி மச்சான்?" என்று நான் கேட்டதற்கு அவர் ஆமாம் என்பது போலச் சொன்ன "ஓம்" இன்றும் எங்கள் குடும்பத்தில் பேசப்படுகிறது.

சுனாமியாகக் கடல் வந்த அந்த வருஷம் பழைய வீடு அடியோடு போனது. எங்கள் உயிர்கள் மிஞ்சியது அல்லாஹ்வின் கிருபை. அதே வளவில், அந்தக் காணிக்குள்ளேயே கொஞ்சம் மேற்கே தள்ளி, மச்சான் தன் கையாலேயே வீட்டைத் திரும்பக் கட்டினார். வேறு இடம் பார்க்கச் சொன்னவர்களுக்கு ராத்தா சொன்னது இவ்வளவுதான்: "இது உம்மாட வளவு. என்ட மகளுக்கும் இதுதான்."

புது வீட்டின் பின்வளவில் மச்சான் செங்கல்லால் பணிஸ் வேகவைக்க ஒரு சின்னப் போறணை அடுப்புக் கட்டிக்கொடுத்தார். கேக் அடிக்கும் வித்தையைக் கல்முனையில் இருந்த மெதடிஸ்த டீச்சர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். பணிஸ், பட்டர் கேக், நத்தார்ப் பண்டிகை வந்தால் டீச்சர் வீட்டுக்கு முந்திரிகை வற்றல் போட்ட கேக் என்று ராத்தாவின் கை ஓயவில்லை. வெறுமையான மாஜரின் வாளிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, செடி வைத்தார். வெளியில் வைத்த குரோட்டனையும் ரோசாவையும் உப்புக்காற்று கருக்கிவிட்டதால், செடிகளை வீட்டுக்குள் வளர்க்கத் தொடங்கினார். அந்தூரியம், மணிப்ளாண்ட், பன்னம், புதினா. எங்கள் உறவில் ராத்தாவின் மாஜரின் வாளி ஒன்று இல்லாத வீடு குறைவு.

கடல் ஒரேயடியாக வரும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அது துண்டு துண்டாகவும் வரும். ஒவ்வொரு மாரிக்கும் வளவில் ஒரு துண்டைக் கொண்டுபோனது. வேலியோரத்துத் தென்னைகள் முதலில் போயின. அடுத்ததாகக் கிணறு உவர்த்தது. ஒரு மாரியில் போறணை போனது. விடிந்து பார்க்கும்போது அது இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் அலை வந்து வந்து போனது, வீடு பார்க்க வந்த ஆளைப் போல. மச்சான் இறங்கி, கைக்கு அகப்பட்ட செங்கற்களை எடுத்து அடுக்கினார். ராத்தா மின்சார ஓவன் ஒன்றை வாங்கிக் குசினியில் வைத்தார்.

இப்போது குசினிதான் கடலுக்குக் கிட்டிய அறை. அங்கேதான் பூச்சாடிகளும் இருந்தன. ராத்தா காலையில் ஒரு இலையை விரலால் தடவி, விரலை நாக்கில் வைப்பார். மழைத்தண்ணீர் மட்டுமே குடித்த செடி; யன்னலும் பூட்டிக் கிடக்கும். அப்படியிருந்தும் ஒருநாள், "உப்பு வந்திட்டு" என்றார். சில நாட்களில் இலைநுனி கருகியது. சுவர்ச் சாந்து வெள்ளையாய்ப் பூத்து உதிர்ந்தது. பூச்சாடிகள் எல்லாம் நடு அறைக்குப் போயின. ஓவனும் அவற்றோடு போனது. அடுத்த மாரியில் நடு அறை இலைகளிலும் உப்பு. எல்லாம் வீதிப் பக்கத்து முன்னறைக்கு வந்து சேர்ந்தன. அதற்கு மேல் போக வீட்டுக்குள் அறை இல்லை.

"சனம் லொறி பிடிச்சு வீடு மாறுறாங்க. நீங்க வீட்டுக்குள்ளயே வீடு மாறுறீங்க ராத்தா" என்றேன்.

ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. அவர் விரல் முட்டியால் குசினிச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வருஷமும் மழை விட்டு வீதி காய்ந்ததும், அவர்களை ஏற்றிவர நான் சின்ன லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவேன். மேற்கே வயல் பக்கமாக வீடும் பேசி வைத்திருப்பேன். ஆனால் மாரி முடிந்த அந்தக் கிழமைகளில் கடல் ஆளே மாறியிருக்கும். வாடைக்காற்று நின்றுவிடும். கொண்டுபோன மணலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பரப்பியிருக்கும். ராத்தா என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

"பாரு தம்பி, திருப்பித் தந்திரிக்கி. இந்த வருஷம் முடிஞ்சிற்று. வாற வருஷம் பாப்பம்."

நான் நியாயம் பேச வாயைத் திறப்பேன். பட்டர் கேக் வரும். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு நியாயம் பேச எனக்குத் தெரியாது. கடைசியில் லொறி ஒரு பூச்சாடியோடு திரும்பும். ஒருமுறை லொறிக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "சேர், இதுக்கொரு த்ரீவீல் போதுமே?"

கடல் கொந்தளிக்கும்போது எனக்குப் பயமில்லை; அப்போது எல்லோருக்கும் புத்தி இருக்கும். அது நல்ல பிள்ளை போலப் படுத்திருக்கும்போதுதான் பயம்.

ராத்தா யாருக்கும் மார்க்கம் சொன்னவரல்ல. ஓவனுக்குள் தட்டை வைக்கும்போது உதடு மட்டும் அசையும். தொழுதாயா என்று என்னைக் கேட்டதில்லை, "பாங்கு சொல்லிற்றாங்க. நீ ஆறுதலாச் சாப்பிடு தம்பி" என்று தட்டை நீட்டுவார். அதற்குப் பிறகு எவனால் உட்கார்ந்திருக்க முடியும்? இந்தக் கரையில் தொழும் திசையான கிப்லா மேற்கே, கடல் கிழக்கே. தொழுகிறவர் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். பூச்சாடிகளோடு அவரது தொழுகைப் பாயான முசல்லாவும் முன்னறைக்கு வந்திருந்தது. தொழுது முடித்து அதை அவர் மடிக்கும்போது ஒருநாள் கேட்டேன்.

"பின்னால அது வந்து நிண்டா, உங்களுக்குத் தெரியவா போகுது?"

"நான் பாக்காட்டி என்ன? பாக்கிறவன் பாக்கிறான்தானே."

அவரது கடைசி மாரியில் ரிஸ்னா தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளது கணவர் கட்டாரில். தலைப்பிள்ளைப் பேறு உம்மாவின் வீட்டில்தான் என்பது எங்கள் முறை. ராத்தாவுக்கோ மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இதயம் களைத்துவிட்டது என்றார் டொக்டர். மழை விடும்வரை காத்திராமல், வெள்ளத்துக்குள்ளேயே நான் போய் மன்றாடினேன்.

"புள்ளத்தாச்சியை வைச்சிக்கிட்டு என்ன விளையாட்டு ராத்தா? நான் பகிடி விடுறல்ல. எழும்புங்க."

"நீ பகிடி விடாட்டித்தான்டா பயமா இரிக்கி" என்றார். பிறகு சொன்னார்: "புள்ள பிறக்கட்டும். நாப்பது நாள் கழியட்டும். புறகு லொறியைக் கொண்டு வா. இன்ஷா அல்லாஹ், நான் வாறன்."

முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். மகிழ்ந்திருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த நாற்பதை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

பிள்ளை நலமாகப் பிறந்தது. பெண் பிள்ளை. வளவுக்கு இன்னொரு சொந்தக்காரி என்று அயலவர்கள் வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்து எனக்கு இனிக்கவில்லை.

நாற்பது கழிந்ததும், சொன்னபடி லொறியோடு போனேன். முற்பகல். காற்றில்லை. கடல் குளம் போலக் கிடந்தது. அயலவர்களிடம் விடைபெறுவதற்காக ராத்தா கேக் போட்டு, முன்னறையில் ஓவனுக்கு முன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நெல்மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். நடு அறைக் கதவை மச்சான் திறந்தார். குசினி இருந்த இடத்தில் வெளிச்சம். வெளிச்சத்துக்கு அப்பால் நீலம்.

ரிஸ்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே நான் வீதியில் நின்றேன். என் வீரத்தையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன். வெட்கத்தோடு திரும்பி உள்ளே போனபோது, மச்சான் ஓவன் வயரைப் பிடுங்கக் குனிந்திருந்தார்.

"பிடுங்காதீங்க. இன்னும் வேகல்ல" என்றார் ராத்தா.

வெந்தபின் தானே எடுத்தார். தானே வெட்டினார். துண்டுகள் ஒரே அளவாய் வரவில்லை. அவர் வெட்டி அப்படி நான் கண்டதில்லை. லொறிக்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "போதும் தம்பி. எல்லாத்தையும் ஏத்து" என்றார்.

பூச்சாடிகளை முதலில் ஏற்றினோம். கதிரையை எடுக்க உள்ளே போனபோது ராத்தா அதில் இல்லாமல் இருந்தார். உடல் மட்டும் இருந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸா அந்த வீட்டிலிருந்தே போனது. ஏற்றிய பூச்சாடிகளைத் திரும்ப முன்னறைக்கே இறக்கினோம். கத்தம் ஓதி முடிந்ததும் ரிஸ்னாவும் பிள்ளையும் மேற்கே வாடகை வீட்டுக்குப் போனார்கள். மச்சான் போகவில்லை. மணலுக்குள் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி, குசினி நின்ற இடத்தில் ஒரு சுவர் எழுப்பினார். இந்த மாரியில் அந்தச் சுவர் விழாமல் நின்றுவிட்டது. இப்போது மழையும் விட்டது. கடலும் மணலைத் திருப்பித் தந்திருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம், "இனிப் பயமில்ல, கெட்டியாத்தான் கட்டியிரிக்கார்" என்கிறார்கள். ஆகவேதான் இதை எல்லோர் கைக்கும் போகும் கிதாபில் எழுதுகிறேன்: ராத்தா அந்த வீட்டைவிட்டுப் போக முடிவெடுத்துவிட்டார். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை "ஏத்து" என்பதுதான். நானும் லொறிக்காரரும் அதற்குச் சாட்சி.

ராத்தாவைக் குளிப்பாட்டிக் கபனிட்ட சகோதரிகளுக்கும், மையவாடியில் மணலோடு போராடிக் கபுர்க் குழி வெட்டிய தம்பிமாருக்கும், நோய்க்காலத்தில் மருத்துவமனையில் அவரைத் தாங்கிய டொக்டர், தாதிமாருக்கும், செய்தி கேட்டதும் கல்முனையிலிருந்து ஓடிவந்து ரிஸ்னாவின் பக்கத்தை விட்டு அசையாதிருந்த டீச்சருக்கும், எங்கள் கண்ணீரோடு தன் கண்ணீரையும் சேர்த்த லொறிக்காரருக்கும், தூர இடங்களிலிருந்து துஆச் செய்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. உங்கள் நன்மைகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

கட்டுரையின் கீழே குடும்பத்தாரின் விலாசம் வர வேண்டும். வாடகை வீட்டின் இலக்கம் எனக்கு ஞாபகம் இல்லாததால் ரிஸ்னாவுக்குக் கோல் எடுத்தேன். எடுத்த கையோடு எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். "ஏத்து" என்ற இடத்தைக் கொஞ்சம் உரக்கவே வாசித்தேன். மறுபக்கத்தில் பிள்ளை எதையோ தட்டி விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி மகள், இப்ப இரிக்கிற வீட்டு விலாசத்தைச் சொல்லு. கீழ போடணும்."

"பழைய வீட்டையே போடுங்க மாமா, வெள்ளிக்கிழமை அங்கயே திரும்பக் குடி போறம்."