ரெண்டு தரத்தில் நின்ற ஏலம்

கட்டுமாவடிக் கரையில் ஷேக் பரீது முப்பத்தொரு வருடமாக மீன் ஏலம் விடுகிறார். மைக் கிடையாது. படகு வந்துவிட்டால் அவர் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். விலையை ஏற்றி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவார்; பிறகுதான் மூன்றாம் தரம். அதைச் சொல்லாமல் எந்தக் கூடையையும் அவர் விட்டதில்லை. ஒருமுறை மழைக்கு எல்லோரும் சிதறி ஓட, கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி முடித்துவிட்டு வந்தார்.

போன தை மாதம், அந்த ரெண்டாம் தரத்தில் நெஞ்சு ஓட்டம் பிடித்தது. நிமிடத்துக்கு நூற்றெண்பது துடிப்பு. கண் இருட்டி, இறால் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மணமேல்குடி வியாபாரி செவந்தி தண்ணீர் கொடுத்து, அவர் தெளிந்ததும், "உக்காந்த எறாலுக்கு வெலையக் கொறைங்க பாய்" என்றாள்.

குணமாகும் வரை ஏலம் கூடாது என்றார் தஞ்சாவூர் டாக்டர் குணசேகரன். வீட்டில் சும்மா இருந்த பரீது, குழம்புச் சட்டியிலிருந்த மூன்று துண்டு மீனை மனைவிக்கும் மகளுக்கும் ஏலம் விட ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் மனைவி சாரா உம்மாளே ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்தாள்.

இதயத்துக்கு உத்தரவு போட ஓர் இடம் உண்டு. பரீதுக்கு இன்னோர் இடமும் குறுக்கே புகுந்து உத்தரவு போடுகிறது என்று டாக்டர் விளக்கினார். ஒரே கரையில் ரெண்டு ஏலக்காரன் என்று பரீது புரிந்துகொண்டார். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் விட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுக் கம்ப்யூட்டரில் வரைபடம் எடுத்து, மின்சாரம் முதலில் கிளம்பும் புள்ளியைச் சுட்டுவிடலாம். ஒரே சிக்கல்: அந்தத் திருட்டு ஏலக்காரன் கூவினால்தான் அவன் நிற்கும் இடம் தெரியும். கூவாவிட்டால் வந்த வழியே வீட்டுக்கு. ஏலத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

நெஞ்சிலும் முதுகிலும் பட்டைகள் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், வயரால் தூண்டினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் நாள் வகுப்பறை போல இதயம் ஒழுங்காக இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. இன்னும் கால் மணிதான் என்றார் டாக்டர்.

"ஏலம் விட்டாத்தான் வரும் டாக்டர்."

நர்ஸ் பிளெஸ்ஸி விலை கேட்கும் ஆளாக நின்றாள். இல்லாத பாரை மீனைப் பரீது கூவினார். முள் இருக்குமா என்று கேட்டாள் அவள். இதயம் சோர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் செவந்திக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

விலை கேட்டு ஏற்றிக்கொண்டே வந்தவள், பரீது "ஒரு தரம்" என்றதும் நிறுத்தினாள். "மீனுக்குக் கண்ணு உள்ள போயிருச்சே பாய். நேத்து மீனா?"

முப்பத்தொரு வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. "ரெண்டு தரம்" என்று அவர் உறுமியபோது திரையில் கோடுகள் பாய்ந்தன.

"வந்துருச்சு. பேசாதீங்க, அசையாதீங்க, மூணாவது தரம் சொல்லிராதீங்க," என்றார் டாக்டர்.

சிகிச்சையிலேயே கொடுமையான பகுதி அதுதான். இருபது நிமிடம் மூன்றாம் தரத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கிடந்தார். திரையில் இதயம் ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் பூண்டது. மின்சாரம் முதலில் கிளம்பும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. போனில் செவந்தியும் கட் பண்ணாமல் காத்திருந்தாள். புள்ளியைச் சுட்டதும் நெஞ்சில் ஒரு சூடு. ஓட்டம் சட்டென்று நின்று, துடிப்பு சீரானது. அரை மணி நேரம் மறுபடி தூண்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

"இப்பப் பேசலாம்," என்றார் டாக்டர்.

"மூணு தரம்," என்றார் பரீது.

"ஐஸ் நல்லாப் போட்டு வைங்க," என்றது போன்.

பதினைந்தாம் நாள் கரைக்குத் திரும்பியவர், முதல் வேலையாக ஒரு கூடை பாரையைச் செவந்தி முன் வைத்தார். போனில் முடிந்தாலும் முடிந்த ஏலம் முடிந்ததுதான். அவள் குனிந்து மீனின் கண்ணைப் பார்த்தாள். கரையே பரீதின் நெஞ்சைப் பார்த்தது.

"நேத்து மீனா பாய்?"

பரீது மணிக்கட்டில் விரல் வைத்துக் கால் நிமிடம் எண்ணினார். பதினெட்டு; ஓட்டம் இல்லை. பிறகு அடுத்த கூடையைக் காலால் முன்னே தள்ளினார்.