நான் ஒறுத்த மாத்திரை

"தவக்காலம், முதல் வாரம், வியாழன், மாலை ஐந்தரை. ஆண்டவரே, ஒன்பது நாளாக மாத்திரையை ஒறுத்து வருகிறேன். வாந்தி நிற்கவில்லை. நாற்பது நாளையும் முடிக்கப் பலம் தாரும். ஒருவராவது என்னை நம்பும்படி செய்யும்."

எங்கள் பங்குக் கோயிலின் விண்ணப்பப் பெட்டியில் நான் போட்ட சீட்டு இது. பெயர் எழுதவில்லை. இப்போது அது என் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது. எழுத்து மாறாமல் பிரதி செய்திருக்கிறேன்.

ராயபுரத்தில் குடியிருக்கிறோம். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஆறு வருடமாக எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். காலையில் விரல் மடங்காது. ரவிக்கைக்கு ஊக்கு மாட்டவே நேரம் போய்விடும். கொஞ்சம் வெயில் பட்டால் காய்ச்சல். சிறுநீரகத்தையும் தொட்டுவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், அந்தப் பயம் ஒரு நாளும் என்னைவிட்டுப் போனதில்லை.

வெளியே ஒன்றும் தெரியாது. காயம் இல்லை, கட்டு இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னம் வேறு உப்பியிருந்தது. பார்ப்பவர்களுக்கு நான் நன்றாகச் சாப்பிட்டுத் தேறியவள். "இன்னா அண்ணி, கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி கீது, சீக்காளின்னு சொல்லிகினு கீறீங்க" என்பாள் நாத்தனார். திருப்பலியில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். பின்வரிசையில் யாரோ என்னைப் பெரிய மகாராணி என்றது காதில் விழுந்தது.

என் கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். கெட்டவர் இல்லை. ஆனால் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் அவரும் சலித்துக்கொண்டார். தினம் ஒரு இடத்தில் வலி என்றால் எதைத்தான் நம்புவது என்று கேட்டார்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றை விடுவது வழக்கம். நாத்தனார் டீயை விட்டாள். என் கணவர் பீடியை விட்டார். மீனும் கறியும் நான் வருடா வருடம் விடுவதுதான். எனக்கு மிகவும் வேண்டியதை விட்டால்தானே அது ஒறுத்தல் என்று தோன்றியது. புதன் காலையில் மாத்திரை டப்பாவை எடுத்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. இந்த நோயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள் நான். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற வரிக்கு நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்று அதை விசுவாசம் என்று நினைத்தேன். மாத்திரையை விடுகிறேன், நோயைக் குணமாக்கும் என்று ஆண்டவரோடு நடத்திய பேரம் அது.

நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. மூன்றாம் நாள், எழுந்தால் தலைசுற்றல். ஐந்தாம் நாள், கால் வீக்கம். ஏழாம் நாள், கஞ்சியும் தங்கவில்லை. எட்டாம் நாள், சிறுநீரில் நுரை.

நுரை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நேர்ச்சையை முறித்தால் குணம் கிடைக்காதோ என்று ஒரு பயம். முறிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று இன்னொரு பயம். மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று அந்தச் சீட்டை எழுதினேன்.

பெட்டியைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். செவ்வாய் நவநாள் ஜெபத்தில் வாசிப்பதற்காகச் சீட்டுகளைப் பிரித்து அடுக்குவது ஜெசிந்தா அக்கா. காசிமேட்டில் மீன் விற்பவர். அந்த வெள்ளிக்கிழமை கடலில் பலத்த காற்று. படகு போகவில்லை, வியாபாரம் இல்லை. சும்மா இருப்பானேன் என்று காலையிலேயே கோயிலைக் கூட்ட வந்தவர், பெட்டியையும் திறந்திருக்கிறார்.

பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வேலைக்குப் போக முடியாமல் தரையில் கிடந்தேன். அவர் கையில் சீட்டு. பெயர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆண்டவருக்கே தேதி, டைம் போட்டு மனு எழுதறவ இந்தப் பங்குல வேற யாரு கீறா?"

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழவில்லை. அவர் முகம் மாறியது.

"தவசுக்கு மீன வுடுவாங்க, கறிய வுடுவாங்க. மாத்திரையவாடி வுடுவாங்க? அத வாங்கி வச்சிகினு ஆண்டவரு இன்னா பண்ணுவாரு?"

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறேன் அக்கா என்றேன். ஊர் சொன்னதை நானே சொன்னேன்.

"மீனுகூட பாக்க பளபளன்னுதான் கீது. செவுள தூக்கிப் பாத்தாதான் தெரியும். எழுந்திரு."

ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் ரிப்போர்ட் கேட்காமல் என்னை நம்பினார். ஆட்டோவில் மருத்துவமனை போகும்வரை அழுதுகொண்டே போனேன்.

ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. உடனே ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். திங்கட்கிழமை வரை விட்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று மருத்துவர் என் கணவரிடம் சொன்னாராம். அவர் வேலைச் சட்டையோடு ஓடி வந்திருந்தார். மருந்துச் சீட்டை வாங்கி, ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

நாற்பது நாளையும் முடிக்கப் பலம் கேட்டேன். ஆண்டவர் தரவில்லை. அந்த மறுப்புக்குத்தான் முதல் நன்றி. ஒருவராவது நம்ப வேண்டும் என்று கேட்டேன். காற்றை எழுப்பி, படகுகளைக் கரையில் நிறுத்தி, ஒரு ஆளை அனுப்பினார். நான் அப்படித்தான் விசுவசிக்கிறேன்.

நோய் போகவில்லை. இப்போது ஒவ்வொரு மாத்திரையையும் சிலுவை அடையாளம் வரைந்து, நற்கருணைக்குக் காட்டும் கவனத்தோடு விழுங்குகிறேன். முழந்தாளிட முடியாத நாளில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாத்தனார் வாய் ஓயவில்லை, ஆனால் நான் வெயிலில் இறங்கினால் குடையோடு பின்னால் வருகிறாள்.

வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே நொந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் மருந்தைப் பலியாகக் கொடுக்காதீர்கள். பயத்தைக் கொடுங்கள், ஆண்டவர் வாங்கிக்கொள்வார். வலியை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவர் அனுப்பும் ஆள் மீன் வாசனையோடும் வரலாம்.

சிறுநீரகம் மீண்டதா என்று பார்க்க இன்று காலை பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு நாளை மறுநாள். அது வந்த பிறகு இந்தச் சாட்சியை எழுதலாமே என்றார் பங்குத்தந்தை. நன்றி அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இன்றே எழுதிவிட்டேன். சிறுநீரகம் தப்பியதா என்பது இந்த வரியை எழுதும்வரை எனக்குத் தெரியாது.