காவேரியை நிறுத்த நான் பெங்களூரு போன கதை

போன வாரம் எங்கள் ஏற்காட்டின் ஒண்டிக்கடை ஜங்ஷனில், ஒரு காய்கறிக் கடையில், சௌசௌ மூட்டைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டேன்.

நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தைரியம் சொல்கிற அதே நான்!

யாருக்குப் பயந்து? கடன்காரனா? போலீஸா? அதெல்லாம் இல்லை... எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்கிற காவேரிக்குப் பயந்து.

காவேரிக்கு ஊர் கிளியூர். நாற்பதைத் தொடுகிற வயசு. வந்தாளானால் வீடு பளிச்சென்று ஆகிவிடும். ஏற்காட்டு ஈரத்துக்குச் சுவரில் பச்சையாகப் படர்கிற பூசணத்தை அவள் தேய்த்து எடுக்கிற அழகைச் சேர் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். பிரச்சினை அந்த 'வந்தாளானால்'தான்!

கார்த்திகை பிறந்ததிலிருந்து அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம். போன் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் சிரித்த முகமாக வந்து நின்று, "மாமியாளுக்கு மயக்கமுங்க" என்பாள். இன்னொரு நாள், "பஸ்ஸு வரலீங்கக்கா." கிளியூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவள் எப்போதும் நடந்துதான் வருவாள் என்பது வேறு விஷயம். பிறகு அவளுடைய பெரியம்மா இறந்துபோனார். நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன். கொஞ்ச நாள் கழித்துப் பெரியம்மா மறுபடியும் இறந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகளுக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அப்பா சேலத்திலிருந்து முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். "காலையில வெள்ளனே வந்துருவேனுங்க. கவலையே படாதீங்க" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள் காவேரி.

வரவில்லை!

நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நானே வாசல் வராந்தாவை முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. பட்டுப் புடவை கட்டிய அம்மா ஒருவர் இறங்கி, என்னைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்.

"ஏம்மா, உள்ள அம்மா இருக்காங்களா?"

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றேன்.

"நாந்தாங்க... அது."

நல்ல மனுஷி, விழுந்து விழுந்து சிரித்தார். சம்பந்தம் உறுதியாகிவிட்டது. ஆனால் எனக்கு மானம் போய்விட்டதே?

அன்றைக்கே முடிவு பண்ணினேன். காவேரியை நிறுத்திவிட வேண்டியதுதான்!

"நேரா சொல்லு. இனிமே வர வேண்டாம்னு சொல்லு. அவ்வளவுதானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்களே சொல்லுங்களேன்..."

மனிதர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காவேரி வந்தாள். "அக்கா, மன்னிச்சுக்கோங்க. எங்க சித்தப்பா தவறிட்டாருங்க." அவள் கண்கூடக் கலங்கியிருந்தது. நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்துக்காக வாயைத் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா?

"காவேரி... நாங்க பெங்களூரு போறோம். எங்க அக்கா வீட்டுக்கு. வர ஆறு மாசம் ஆகும்."

அவள் முகத்தில் பல்பு எரிந்தது. "நொம்ப சந்தோசமுங்க! நல்லபடியாப் போய்ட்டு வாங்க!" ஆறு மாசம் வேலை இல்லை என்றால் ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மறுநாள் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள் — "பஸ்ஸுல போறப்ப தின்னுங்கக்கா, எங்க ஊட்டு மரத்துது."

அந்தப் பையை அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது தலைமறைவு வாழ்க்கை. ஏற்காடு என்ன பெரிய பட்டணமா? யார் எங்கே போனாலும் ஒண்டிக்கடையைத் தாண்டித்தானே போக வேண்டும்! மாஸ்க், குல்லா, மஃப்ளர் என்று பனிமூட்டத்தோடு பனிமூட்டமாக நடமாடினேன். யாராவது "காவேரி" என்று ஆற்றைப் பற்றிப் பேசினால்கூடத் திடுக்கிட்டேன்.

சௌசௌ மூட்டைக்குப் பின்னால் குனிந்தது அப்படித்தான். தூரத்தில் அவள் வருவதைப் பார்த்துவிட்டேன். ஆனால் கடைக்காரர் விடுவாரா?

"ஏனுங்கம்மா, ஏதாச்சும் கீழ உழுந்துடுச்சுங்களா?"

நிமிர்ந்தேன். எதிரே காவேரி.

புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் கட்டிய சாக்கு, விரல் முழுக்கக் கறை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்களின் கோலம். என்னைவிட அவள்தான் அதிகமாக அதிர்ந்துபோனாள்.

"நீங்க... பெங்களூரு..."

"போகலை, காவேரி. நீ... காப்பி பறிக்கவா போறே?"

"ஆமாங்க."

"எப்ப இருந்து?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "சித்தப்பா செத்தாருல்லீங்க... அதுக்கெல்லாம் முந்தியே இருந்துங்க."

பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. கடைக்காரர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டாம். சீசனில் காலையில் ஜீப் வந்து கூட்டிப்போகுமாம்.

"அங்க கூட நாலு பொம்பளைங்க இருக்காங்க, கதை பேசிக்கிட்டே பறிப்போமுங்க. உங்க ஊட்டுல நீங்க எழுதிக்கிட்டே இருப்பீங்க. எனக்கு இருமக்கூட பயமா இருக்குமுங்க."

சுருக்கென்றது. "அப்ப வரலைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

"சீசன் முடிஞ்சா அங்க வேலை கொறைஞ்சுருமுங்க. அப்புறம் நான் எங்க போறது? அதுவுமில்லாம... மூஞ்சிக்கு நேரா எப்படீங்கக்கா சொல்றது?"

எப்படிச் சொல்வது? எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

நாமெல்லாம் இப்படித்தானோ? 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் ஒரு சித்தப்பாவையே கொன்றுவிடுகிறோம். 'வேண்டாம்' என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பெங்களூருக்கு மூட்டை கட்டுகிறோம். கேட்டால், எதிராளி மனசு நோகக் கூடாதாம்! மறைந்து மறைந்து நடந்ததில் நொந்ததென்னவோ என் முதுகுதான்.

டீ முடிவதற்குள் ஒப்பந்தம் போட்டோம். சீசன் முடிகிற வரை முடிந்த நாளில் அவள் வரலாம். முடியாத நாளில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரும் சாகக் கூடாது. அவள் இருக்கிற நேரத்தில் நான் எழுத மாட்டேன், பேசுவேன். கடைசி ஷரத்து அவள் போட்டது!

அடுத்த நாள் வந்தாள். அவள் துடைக்க, நான் பேச, வீடே கலகலவென்று இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் ஜீப் சத்தம், பெண்களின் சிரிப்பு.

"அக்கா, நான் இன்னைக்கு வரலீங்க. காரணம் ஒண்ணும் இல்லீங்க. சும்மாதானுங்க!"

"இப்பவாவது நிறுத்துவியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

இத்தனை நேர்மையாக லீவு போடுகிறவளை எந்த வாயால் நிறுத்துவது? மாப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.