தூக்கிய இடது கால்

கோல்ஃப் ஆட்டக்காரனின் தொழில் ரொம்பச் சுலபமானது. அசையாமல் கிடக்கிற ஒரு பந்தை அடித்துவிட்டு, அது போன திசைக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தால் போதும்.

பத்துப் பேர் பார்க்கக் காற்றை அடித்துவிட்டு, உடனே குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல் பாவனை செய்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பந்து

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிறது. தேயிலை மலைக்கும் துரைமார் கிளப்பின் ஒன்பது குழி மைதானத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஓடைதான் எல்லை. நான் அப்போது கவ்வாத்து ஆள். வளர்ந்துபோன தேயிலைச் செடியை வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. சரிவில் இடது கால் மேலே, வலது கால் கீழே. கத்தியைக் கீழிருந்து சாய்வாக மேலே இழுக்க வேண்டும். எட்டு வருடம் அப்படியே நின்றதில், சும்மா நிற்கும்போதுகூட என் இடது முழங்கால் மடங்கித்தான் இருக்கும்.

ஒரு நாள் துரைமார் அடித்த பந்தொன்று ஓடையைத் தாண்டி என் காலடியில் வந்து விழுந்தது. வெட்டிப் போட்ட வாதுகளில் தடித்த ஒன்றை எடுத்து, கவ்வாத்து வீச்சிலேயே ஒரு வீச்சு வீசினேன். பந்து ஓடையைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, கொடி நட்ட குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. துரைமார் கைதட்டினார்கள். எங்கள் கங்காணி மட்டும் தட்டவில்லை.

“அடிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் அம்பது செடி நிக்குது, அத எந்தத் துரை வந்து வெட்டுவாரு?”

கொழும்புத் தரை

கைதட்டிய துரைமாரில் ஒருவர் என்னைத் தன் மட்டைப் பை தூக்க வைத்தார். பை தூக்கியவன் மெல்ல மட்டையையும் தூக்கினேன். கடைசியில், தொழில்முறை ஆட்டக்காரனாவதற்கான தேர்வு என்று கொழும்புக்கே போய்விட்டேன். அங்கேதான் வில்லங்கம். கொழும்பு மைதானம் தோசைக்கல் மாதிரித் தட்டை. என் இடது காலுக்கு அது தெரியாது. பழக்கதோஷத்தில் மேலே ஒரு படி இருக்கும் என்று நம்பி ஒரு சாண் உயரத்துக்குப் போனது. படி இல்லை. கால் அந்தரத்தில் நிற்க, ஒற்றைக் காலில் அடித்தேன்.

பந்து நேராகப் போனது. அதுதான் அவர்களுக்குப் பெரிய சங்கடம். நேராகப் போகிற பந்துக்கு முட்டை போட விதியில் இடமில்லாததால் தேர்ச்சி கொடுத்தார்கள். தேர்வு நடத்திய பெரியவர் தன் நண்பரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“காலைக் கீழே வைத்துவிட்டு அடிப்பார் என்று காத்திருந்தேன். பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் வைத்தார்.”

ஆறு மாதத் தவணை

நாலு வருடம் போட்டிகளில் ஆடினேன். பரிசு ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் என் பின்னால்தான் வந்தார்கள். பிறகு எங்கள் தோட்டத்துக் கிளப்பிலேயே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு குவாட்டர்ஸ். அதுவரை நானும் என் மனைவி கமலாவும் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், அவள் அப்பா அம்மாவோடு ஒரே அறையில் இருந்தோம். குவாட்டர்ஸில் இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், வீட்டுக்குள்ளேயே பாத்ரூம். கமலா அந்த பாத்ரூம் கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

கிளப்பின் செயலாளர் ஓய்வுபெற்ற தோட்டத்துரை. சிங்களவர்தான், ஆனால் தமிழில் திட்டுவதில் எங்களையெல்லாம் மிஞ்சிவிடுவார். என் முதல் அடியைப் பார்த்ததுமே, “இது கோல்ஃப் இல்லை மேன், கவ்வாத்து! ஆறு மாசம் டைம். அந்தக் கால் கீழே வரணும். வராட்டி நீ திரும்ப மலைக்குப் போ” என்றார். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கமலா பாத்ரூம் கதவை இன்னொரு தடவை திறந்து மூடினாள்.

“இத்தன வருசத்துல உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. அந்த பாத்ரூமுக்காகவாவது கால கீழ வைங்க.”

ஹாஜியாரின் மண் ஆராய்ச்சி

என் முதல் மாணவர் இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார். ஒற்றைக் காலில் முழு உடம்பையும் போட்டு அடிப்பதால், என் மட்டை புல்லோடு ஒரு பிடி மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ஹாஜியார் பந்து எங்கே போனது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெயர்ந்த மண்ணைக் கையில் அள்ளி, விரலால் நெருடி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மாணிக்கம் கிடக்கிற சரளை மண்ணை அவர்கள் இல்லம் என்பார்கள். அது எந்த நிலத்துக்குக் கீழே இருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம்.

மூன்று வாரப் பாடத்தில் அவர் மட்டையைத் தொட்டது நாலே தடவை. காலைத் திருத்தச் சொல்லிக் கெடு வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் மனம்விட்டுச் சொன்னேன். பதறிப்போனார்.

“கால மட்டும் மாத்திடாதீங்க தம்பி! இன்னும் ஒரு முழம் ஆழமா அடிச்சீங்கன்னா இல்லம் வந்தாலும் வரும்.”

அட்டை

மழைக்காலத்தில் எங்கள் மைதானத்தில் ஆட்டக்காரர்களைவிட அட்டைகள் அதிகம். கொழும்பிலிருந்து விருந்தாளியாக வந்த ஒரு டாக்டர் அம்மாவுக்கு எப்படி அடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். கால் தூக்கியதுதான் தாமதம், அவர் கையிலிருந்த மட்டையைப் போட்டுவிட்டுப் பையிலிருந்து அட்டைக்குத் தேய்க்கிற சவர்க்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். என் காலுறையை இறக்கிவிட்டு முழங்கால் வரைக்கும் தேய்த்தார். அட்டை கடிக்கவில்லை, இதுதான் என் ஸ்விங் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பினால்தானே!

“கால் இவ்வளவு தூக்குதுன்னா அது நல்லா மேலே ஏறிருச்சு. கூச்சப்படாம எங்கேன்னு சொல்லுங்க.”

கமலாவின் வைத்தியம்

ஐந்து மாதம் ஓடிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். சப்பாத்துக்குள் கல்லைப் போட்டேன்; கால் கல்லையும் சேர்த்துத் தூக்கியது. கடைசியில் கமலாவே களத்தில் இறங்கினாள். குவாட்டர்ஸ் வாசலில் என் இடது பாதத்தின்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று, என் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, “ம், அடிங்க” என்றாள்.

கால் அசையவே இல்லை. பந்துதான் பக்கவாட்டில் பறந்து, கிளப் வாசலில் நின்ற செயலாளரின் ஜீப் கண்ணாடியில் போய் முடிந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்தவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் என் பாதத்தைவிட்டு இறங்காமல் நின்ற கமலாவைப் பார்த்தார்.

“கால் சரி மேன். இப்போ ஜீப்தான் சரியில்லை.”

கடைசி நாள்

கெடு முடிகிற நாள் காலையில் கமலா சாமான்களையெல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். பாத்ரூம் வாளியை மட்டும் கட்டவில்லை. அது குழாய்க்குக் கீழே அப்படியே இருந்தது. மட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

என் காலைப் பார்க்க வந்த கிளப் கமிட்டியில் ஐந்து பேர், ஐந்து குடை. விடாத மழையில் முதலாம் குழிக்கு அடிக்கிற சமதரை குளமாகிக் கிடந்தது. “ஒன்பதாவதுக்குப் போவோம்” என்றார் செயலாளர். அந்த ஒன்பதாவது, பழைய தேயிலை மலைச் சரிவில் இருக்கிறது. ஒருவருக்கும் பிடிக்காத இடம். காலைத் திருத்துகிற வெறியில் ஆறு மாதமாக நானும் சமதரையைவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பந்தை வைத்துவிட்டு நின்றேன். இடது கால் வழக்கம்போல மேலே போனது. அங்கே தரை இருந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி இருந்ததில்லை. எட்டு வருடக் கவ்வாத்து வீச்சை அப்படியே வீசினேன். பந்து மழைக்குள் புகுந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னும் இரண்டு பந்து அடிக்கச் சொன்னார்கள், அவையும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. ஐந்து குடையும் குனிந்து என் காலைப் பார்த்தன. இரண்டு காலும் தரையில் இருந்தன. நான் ஒன்றையும் மாற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாளி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பார்த்தியா? நான் கண்டிப்பா இருந்ததாலேதான் திருந்தினே!”

கொழும்பு மறுபடியும்

அன்றிலிருந்து எல்லாருக்கும் பாடம் ஒன்பதாவது குழிச் சரிவில்தான். செயலாளரே வந்து மாணவராகச் சேர்ந்தார். ஒரு வருடத்தில் எல்லாரும் அருமையாக அடித்தார்கள். ஹாஜியார்கூட மண்ணை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்க ஆரம்பித்தார். போன மாதம் அவர்களைக் கொழும்பில் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனேன்.

தோசைக்கல் தரையில் முதலில் ஹாஜியார் போய் நின்றார். இடது கால் ஒரு சாண் தூக்கியது. அடுத்தவருக்கும் தூக்கியது. அதற்கடுத்தவருக்கும். கடைசியாகச் செயலாளர் நின்றார், அவருடைய காலும் சொல்லிவைத்தாற்போல் மேலே போனது. ஒற்றைக் காலில் நின்றபடியே மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குச் சாக்கும் வாளியும் கண்முன்னால் வந்து நின்றன. அடித்தார். பந்து நேராகப் போனது. காலை இறக்கி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“கொழும்பிலே தரை ஒண்ணும் சரியில்லை மேன்.”

ஆக, இந்தத் தொழிலில் நான் மாற்றியது ஒரு முழுக் கிளப்பை, மாற்றாதது ஒரு காலை, சம்பாதித்தது ஒரு பாத்ரூமை.