பனிச்சறுக்குப் பாடமும் என் முழங்கையும்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுபவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு மகள் மலைப்பக்கம் ஒரு வீடு எடுத்திருந்தாள். "எல்லாரும் ஸ்கீ செய்யப் போறம். நீங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்க இருந்து தேத்தண்ணி குடிக்க ஏலாது" என்று சொல்லி, முன்கூட்டியே எங்கள் இருவரையும் ஆரம்ப வகுப்பொன்றில் சேர்த்துவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நானும் மனைவியும் தெருவில் கை பிடித்து நடப்பவர்கள் அல்ல. கோயிலுக்குப் போனாலும் நான் முன்னே, அவள் பின்னே. ஆனால் மொன்றியலில் நடைபாதை உறைந்துவிட்டால் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுப் படியிலிருந்து மெற்றோ வாசல் வரை விடமாட்டாள். தெரிந்தவர்கள் எதிரே வந்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க முடியாது, வழுக்குகிறதல்லவா? மற்றவர்கள் குளிரைத் திட்டும்போது நான் பேசாமல் இருப்பேன்.

வகுப்பில் எங்களைத் தவிர எல்லாரும் சின்னப் பிள்ளைகள். படிப்பித்தவன் உயரமான கியூபெக் இளைஞன். என் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள். பிரெஞ்சு சரளமாக வரும். துறைமுகப் பக்கம் பண்டகசாலையில் பெட்டி ஏற்றும் எனக்கு 'போன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி. காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டவாக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும் என்று அவன் சொன்னதை அவள்தான் எனக்கு விளக்கினாள். நான் கிட்டவாக்கினேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பனியில் குந்திவிட்டேன்.

அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சறுக்கினான். அவள் சிரித்தாள். எங்கள் கலியாணப் படங்களில்கூட அப்படிச் சிரித்ததில்லை. "பிராவோ, மடாம்!" என்று கத்தினான். அதன்பிறகும் ஏதோ சொன்னான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நல்லா பலன்ஸ் பண்ணுறனாம்."

"எல்லாருக்கும் உப்பிடித்தான் சொல்லுவான்."

"உங்களுக்குச் சொல்லேல்லையே!"

அடுத்த முறை அவன் கைகளை விட்டுவிட்டான். அவள் தனியே கீழே போனாள். விழட்டும் என்று நினைத்தேன். அடிபடாமல், சும்மா விழட்டும். அவள் விழாமல் அடிவாரத்தில் போய் நின்று, சின்னப் பிள்ளைகளுக்குக் கையசைத்தாள். அப்போது அவன்மேல் இருந்த எரிச்சல் போய், அவள் காலில் இருந்த அந்த இரண்டு பலகைகளின் மேல் வந்தது.

கார் நிறுத்துமிடம் முழுக்கப் பளிங்காக உறைந்திருந்தது. வழக்கம்போல முழங்கையை நீட்டினேன்.

"வழுக்கும். பிடியும்."

"வேண்டாமப்பா. முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு, பாரத்தை முன்னுக்கு விட்டால் வழுக்காது. நீங்களும் அப்பிடி நடந்து பாருங்கோ."

சொல்லிவிட்டு நடந்தாள். காருக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, கையை அப்பிடி வைச்சுக்கொண்டு நிக்கிறியள்? விழுந்ததில நோகுதோ?"

"ஓம்" என்றேன்.

அன்று மாலையே மொன்றியலுக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் திங்கட்கிழமை, வேலை நாள். இரவு பெய்த மழை நடைபாதையில் உறைந்திருந்தது. மனைவி மெற்றோ வரை தனியாக முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் விழவில்லை.