தும்மலுக்குக் காத்திருப்பவர்

ஷட்டரில் வலது காதை ஒட்டவைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பின்னாலேயே வந்த எனக்குக் கைகாட்டுகிறார் பீர் முகைதீன். ஊர்த் திருவிழாவான பங்குனிப் பொங்கல் மத்தியானம். விருதுநகர் பஜாரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. நல்லசிவம் அண்ணாச்சி மிளகாய் வத்தல் மூடைகளை அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கியில் மூன்று நிமிடம் அலறிய திருட்டு அலாரம் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.

அலாரம் மாட்டும் கம்பெனியில் பீர் முகைதீனுக்கு இது ஒன்றுதான் வேலை. எங்கே மணி அடித்தாலும் அவருடைய செல்போனுக்குத் தகவல் வந்துவிடும். டிவிஎஸ் ஃபிப்டியில் ஓடிப் போய், திருடன்தானா என்று உறுதி செய்த பிறகே போலீசைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் எலி, அணில், சாத்தாத ஜன்னல். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில், பக்கத்துப் பொட்டலில் புதுச் சரக்கை வெடித்துச் சத்தம் பார்க்கும் போதெல்லாம் அலாரம் அடிக்கும். "ஏன் பாய், எங்களை எலி பிடிக்கவா வச்சிருக்காக?" என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டார்கள். பாய்க்கு ஐம்பத்தாறு வயது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார் போலிருக்கிறது.

வத்தல் கிட்டங்கிக்கு மட்டும் அவரே ஒரு சோதனை வைத்திருக்கிறார். "எலி தும்மாதுங்க. மனுசன் எந்திரிச்சு நடமாடுனா அந்த நெடியில அஞ்சு நிமிசம் தும்மாம தாங்க மாட்டான்." முன்பெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வாராம்.

போன வருடம் வேறொரு கிட்டங்கியில் தும்மல் கேட்டது. உடனே போலீசைக் கூப்பிட்டார். சிக்கியவர் உக்கிரபாண்டி என்ற லோடுமேன். சாப்பிட்டுவிட்டு மூடைகளுக்குப் பின்னால் அசந்து தூங்கியவரைக் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முழித்து நடந்ததும் அலாரம் அடித்துவிட்டது. விஷயம் தெளிவதற்குள் போலீஸ்காரர்கள் நடு பஜாரில் வைத்து அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கடையிலும் அவரை மூடை தூக்கக் கூப்பிடவில்லை. இப்போது அச்சங்குளத்தில் பட்டாசு ஆலைக்குப் போகிறார்.

"மனுசன்னு தெரிஞ்சுது. யாருன்னு நான் கேக்கவே இல்லையே," என்றார் பீர் முகைதீன். அவர் சொன்னதைக் கேட்க எனக்கே சங்கடமாக இருந்தது.

இப்போது ஷட்டருக்கு உள்ளே ஒரு தும்மல். தொடர்ந்து இன்னொன்று. செல்போனில் அண்ணாச்சி காத்திருக்கிறார்.

"கேட்டுச்சுல்ல பாய்? பெறகென்ன, போலீசைக் கூப்பிடுங்க. சரக்கு போச்சுன்னா உங்க மொதலாளிகிட்ட பேசிக்கிருவேன்."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி."

ஷட்டரை விரலால் தட்டினார். "உள்ள யாரு? பேரைச் சொல்லுங்க."

மறுபடியும் காதை ஒட்டவைத்தார். பின்பக்கம் ஓட்டைப் பிரித்துக்கொண்டு ஆள் ஓடிவிட்டால் இவர் வேலை போய்விடும். எனக்கே பதறியது.

"பயப்படாதீக. போலீசு இல்ல, அலாரக்கார பாய்தான்."

உள்ளேயிருந்து இருமலோடு ஒரு குரல். "ஒச்சப்பன், பாய். லோடுமேன். அசந்துட்டேன். போலீசுக்குச் சொல்லிராதீக."

பீர் முகைதீன் போனை எடுத்தார். "ஒச்சப்பனை உள்ள வச்சுப் பூட்டிட்டீக அண்ணாச்சி. சாவியோட வாங்க."

"அவன் சொன்னா நம்பிருவீகளா? நான் வர்றதுக்குள்ள ஓடிட்டாம்னா?"

"நான் இங்கனதான இருக்கேன்."

வண்டிப் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாக்கெட்டை எடுத்தார். கொதிக்கும் தரையில் மண்டியிட்டு, அதை உள்ளங்கையால் தட்டையாக அமுக்கி, ஷட்டருக்கு அடியில் மெல்ல உள்ளே தள்ளினார்.