தடித்த தாளும் மூன்று வருடப் படிப்பும்

சான்றிதழின் மதிப்பு அதன் தாளின் கனத்தில் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன். சிரிக்க வேண்டாம். மும்பை தாராவியில் லேமினேஷன் கடை வைத்து, இருபது வருடமாக அடுத்தவர்களின் மார்க் ஷீட்டுகளைத் தடவிக்கொண்டிருப்பவனுக்கு புத்தி விரலில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே, இது பல்கலைக்கழகம், இது டைப்பிங் கிளாஸ் என்று சொல்லிவிடுவேன். நான் பத்தாவது தேறாதவன். சொந்தமாக மெஷினுக்குள் விட எனக்கு ஒரு காகிதமும் கிடையாது.

மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, சைபர் செக்யூரிட்டி வேலைக்குப் போகப்போகிறேன் என்றாள். கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் வேலையாம். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. மூன்று நாளுக்குள் போய் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

நானோ சான்பாடாவில் ஒரு பயிற்சி மையத்தைக் கண்டுபிடித்திருந்தேன். ஆறே மாதம், ஐந்து சர்வதேசச் சான்றிதழ்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மாதிரிச் சான்றிதழ் ஒன்றை என் கையில் கொடுத்தார். பொன்னிற முத்திரை விரலில் புடைத்துக்கொண்டு நின்றது. என் மெஷினில் விட்டால் சிக்கிக்கொள்ளும், அவ்வளவு கனம். என்ன சொல்லித் தருவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாள் எங்கே வாங்குகிறீர்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டு வந்தேன்.

"ஏட்டி, காலேஜ்ல மூணு வருசத்துக்கு ஒரு காயிதம். இங்க ஆறு மாசத்துல அஞ்சு. கணக்கு புரியுதா?" என்றேன்.

"எப்பா, நெட்வொர்க்னா என்னன்னே தெரியாம அத எப்படிப்பா காவல் காக்க?" என்றாள்.

குரலை உயர்த்தினேன். கல்லூரிக்குப் போகவே கூடாது என்று தீர்ப்பும் சொன்னேன். அவள் அம்மா எதுவும் பேசாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் என் பயம் வேறு. அதிகாரிகள் எங்கள் சந்தில் கணக்கெடுத்து, கடை ஷட்டரில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பகுதியை இடித்துக் கட்டுவார்களாம். மூன்று வருடம் கழித்து கடை இருக்குமா, இருந்தால் எங்கே இருக்கும், யாருக்கும் தெரியாது. கையில் தொழில் இருக்கும்போதே அவளைக் கரையேற்றிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். என் அவசரத்தைத் தூக்கி அவள் படிப்பின் மேல் வைத்தேன். அதற்கு முன்யோசனை என்று பெயரும் வைத்திருந்தேன்.

இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் காலை, மாட்டுங்காவிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் கிழிந்த ரேஷன் கார்டோடு வந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஒரு வங்கியில் இதே சைபர் செக்யூரிட்டி வேலையாம். விடுவேனா? ஐந்து சான்றிதழ் பெருமையைக் கடை விரித்தேன்.

"பரீட்சை யார் நடத்தறா அண்ணா?" என்றார்.

"அவங்களேதான்."

"சொல்லித் தர்றதும் அவா, பரீட்சை வைக்கறதும் அவா, பாஸ் போடறதும் அவா. வெளியில யார் நம்புவா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். பல கம்பெனிகளில் பட்டம் இல்லாத விண்ணப்பத்தை முதல் சல்லடையிலேயே தள்ளிவிடுவார்களாம். படிக்கிற மூன்று வருடத்தில் நெட்வொர்க்கும் புரோகிராமும் கைக்கு வர வேண்டும். அதற்கு மேல், வெளியார் நடத்தும் ஆரம்பநிலைத் தேர்வு ஒன்று போதும். பெரிய தேர்வுகளுக்கு வேலை அனுபவமே கேட்பார்கள், பதினெட்டு வயதில் அவற்றின் பின்னால் ஓடிப் பயனில்லை. உங்கள் சான்றிதழைக் காட்டுங்கள் என்றேன். போனில் ஒரு லிங்க்கைத் திறந்தார். தாளே இல்லை.

மணி பன்னிரண்டு. ஒரு மணிக்குக் கல்லூரிக் கவுன்ட்டர் மூடிவிடும். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். டாக்சிக்காரரிடம் இந்தியும் தமிழும் கலந்து கெஞ்சியதில், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். வியர்த்து வழிந்து கவுன்ட்டரில் போய் நின்றபோது பன்னிரண்டே முக்கால். என் மடத்தனத்தால் அவள் இடம் போய்விட்டதோ என்று பயந்துகொண்டே அவள் பெயரைச் சொன்னேன். கிளார்க் பட்டியலைப் பார்த்து, உறுதியாகிவிட்டது, நேற்றே, என்றார்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"நேத்தே போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னா கூத்துல்லா கட்டுவீக" என்றாள்.

மகள் பட்டத்தை முடித்தாள். கடைசி வருடத்தில் எழுதிய ஆரம்பநிலைத் தேர்வில் முதல் முறை தோற்றாள், இரண்டாம் முறை தேறினாள். இப்போது விக்ரோலியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள்.